வசந்தாவின் விரல்கள் சாயவில்லை

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் நழுவி விழுந்தது. எடுத்து எழுதினேன், மறுபடி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், குடிபாலாவுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். அந்தச் சமயத்தில் காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. ஜாக்கெட் கொக்கியைக்கூட என் கணவர்தான் மாட்டிவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் கை இளகிவிடும். அதனாலேயே அதை ஒரு நோய் என்று நான் நினைக்கவில்லை.

சித்தூரில் ஒரு டாக்டர் கால்சியம் குறைவு என்றார். இன்னொருவர் ஊசி போட்டார். சில நாள் கை பஞ்சுபோல இருந்தது, பிறகு வீக்கம் திரும்பி வந்தது. அது ஸ்டீராய்டு (வீக்கத்தை உடனே அடக்கும் மருந்து) என்பதும், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. இப்படியே இரண்டு வருடம் ஓடியது. வலக்கையில் இரண்டு விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன.

திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் மூட்டுவாத நிபுணர் இருப்பதாகச் சக ஆசிரியை ஒருவர் சொன்னார். அங்கே பெயர் பதிந்து மூன்று மாதம் கழித்துத்தான் முறை வந்தது. டாக்டர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். என் விரல் முட்டிகளைச் சேர்த்து மெல்ல அழுத்தினார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

முடக்குவாதம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்மா. சாஞ்ச விரல் மருந்துல நிமிராது. மத்த விரலைக் காப்பாத்தலாம்."

"எங்க வரணும்னு யாரும் சொல்லலையே மேடம். தெரிஞ்சுக்கினு வந்தா, நீங்களும் மூணு மாசம் காக்க வெச்சீங்க."

என் கணவர் பின்னாலிருந்து முந்தானையை இழுத்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நிஜம்தான். இதையே மத்த டாக்டருங்க முன்னாடி வந்து சொல்வீங்களா?"

மெத்தோட்ரெக்சேட் (எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை, வாரத்தில் ஒரே நாள்தான்) தொடங்கினார்கள். சாப்பிட்ட மறுநாள் குமட்டும். முடி கொட்டியது. கல்லீரலைச் சோதிக்க அவ்வப்போது ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கொக்கியை நானே மாட்டினேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

டாக்டர் கேட்டபடியே, சித்தூரில் டாக்டர்களும் நர்சுகளும் கூடிய கூட்டத்துக்குப் போனேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ். கையை நீட்டிக் காட்டி, எங்கெங்கே நாள் வீணானது என்று வரிசையாகச் சொன்னேன்.

அதன் பிறகு சில விஷயங்கள் மாறின. புதிதாக மூட்டு வீங்கி வருபவர்களுக்கென்று திருப்பதியில் ஒரு காலைநேரத்தைத் தனியாக ஒதுக்கினார்கள். ரத்தப் பரிசோதனையைச் சித்தூரிலேயே முடித்துக்கொண்டு போகலாம். சந்தேகம் வந்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலைய நர்சும் நேரே போன் செய்யலாம். முதல் வீக்கத்துக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே எத்தனை வாரம் ஆனது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கிறார்கள். வாரக் கணக்கு கூடியிருந்தால் ஏன் என்று நானும் கேட்பேன். டீச்சர் இல்லையா!

வசந்தா என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. போன வருடம் சீசன் நடுவில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள்.

"நாளெல்லாம் பழம் சீவிக்கினே கீறேன் இல்ல, அதான்க்கா. சீசன் முடிஞ்சா பூடும்."

அவள் கையை வாங்கி, டாக்டர் செய்ததுபோல முட்டிகளை அழுத்தினேன்.

"ஐயோ, விடுக்கா!"

"காலையில எவ்ளோ நேரம் வெறைச்சுக்கினு இருக்குது?"

"பசங்க ஸ்கூலுக்குப் போறவரைக்கும்."

"திருப்பதிக்குக் கிளம்பு."

"இப்ப லீவு போட்டா வேற ஆளை வெச்சிடுவாங்கக்கா."

என் வலக்கையை அவள் மடியில் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "எப்ப போலாம்?" என்றாள்.

எங்கள் ஊர் நர்ஸ் போன் செய்தார். அடுத்த வாரமே பார்த்தார்கள். அன்றைக்கே மாத்திரை தொடங்கியது. வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்த எனக்கு, ஒரு நிமிடம் பொறாமையாகக்கூட இருந்தது. உண்மையைத்தானே எழுத வேண்டும். அவள் மருந்துச் சீட்டோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தபோது, அந்த வேகத்தில் என் பங்கும் இருக்கிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

இந்த சீசனிலும் அவள் பழம் சீவுகிறாள். பத்து விரலும் நேராக இருக்கின்றன.

இதைப் படிக்கும் உங்களுக்குக் காலை விறைப்பு ஒரு மணிநேரம் நீடித்தால், மூட்டு வீங்கினால், வெயில் ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூட்டுவாத நிபுணர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். காக்க வைத்தால், ஏன் என்றும் கேளுங்கள்.

முன்பெல்லாம் உடம்பு இருப்பதே எனக்குத் தெரியாது. நாள் தானாகப் போகும். இப்போது கண் விழித்ததும் படுத்தபடியே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுகிறேன். என் கையிலிருந்து போன இரண்டு வருடம் திரும்பி வராது. வசந்தாவுக்கு அந்த இரண்டு வருடம் கையிலேயே இருக்கிறது.