வாசலில் கிடந்த வெள்ளைச் சப்பாத்து

கல்லடிப் பாலத்தடியில் ஓர் ஓட்டோ என் ஸ்கூட்டியை இடித்ததில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அந்த ஓட்டோக்காரரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் நின்றார், மன்னிப்புக் கேட்டார், ஆஸ்பத்திரிக்கும் அவரே ஏற்றிப் போனார். என் கோபம் வேறு ஆளில்.

பிளேட் வைத்து ஆணி முடுக்கிய டொக்டர், அந்தக் காலில் இருபது கிலோவுக்கு மேல் பாரம் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கூடினால் ஆணி வளையும், மேலும் வளைந்தால் திரும்பக் காலைத் திறக்க வேண்டும் என்றார். முதல் தடவையே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டிருந்தது. இன்னொரு முறை அந்த மேசையில் ஏற என்னால் முடியாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

இருபது கிலோ என்றால் எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? கனடாவில் இருக்கும் என் தம்பி அதற்கு ஒரு சாமான் அனுப்பினான். சப்பாத்துக்குள் போடும் மெல்லிய அட்டை, அதற்குள் சென்சர். பாதம் ஊன்றுகிற பாரத்தை அது நேரத்தோடு எழுதி வைத்து, போன் பக்கத்தில் வரும்போது அதற்குச் சொல்லும். இருபதுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்புக் காட்டிப் போன் கத்தும். என் போன் பழையது என்பதால் கணவரின் போனோடு அதை இணைத்தோம். என்னிடம் இருந்தது செருப்பு மட்டும். அவர் கடைக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து ஒரு சோடி வாங்கிவந்தார். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் சப்பாத்து வெள்ளையாக இருக்கிறதா என்று கேற்றடியில் நின்று பார்த்த டீச்சர் நான். சேலைக்குக் கீழே அதே சப்பாத்துடன் கிளினிக்குக்குப் போனேன்.

சுகம் கேட்டு வந்த எல்லோருக்கும் கணவர் போனைக் காட்டினார்.

"பாருங்க, ஒரு நாளும் கத்தல்ல. நான் ஆளை அசைய விடுறல்ல."

அசைய விடாத மனிதர் முதல் நாள் காலையில் தேத்தண்ணி ஊற்றினார். பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. அதைத் துடைக்காமல், தேத்தண்ணி ஊற்றிய கதையை மூன்று பேருக்குப் போனில் சொன்னார். இரண்டாம் நாள் நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. காலைச் சாப்பாடும், அவர் ஒபிசுக்குக் கொண்டுபோகும் சோற்றுப் பார்சலும் முன்புபோல நேரத்துக்கு மேசையில் இருந்தன. அவை எப்படி வந்தன என்று அவர் கேட்கவில்லை.

நாலாவது கிழமை, ஒரு மாதம் ஆகிறபோது, எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, போனையும் வாங்கிப் பார்த்தார். போனில் எல்லாம் பச்சை.

"கீழ் ஆணி வளையத் தொடங்கியிருக்கு. இந்தப் போனப் பார்த்தா நீங்க கால நிலத்தில வைக்கவே இல்ல. எது பொய்?"

இந்தக் கேள்வியை இதே குரலில் எத்தனை பிள்ளைகளிடம் கேட்டிருப்பேன். காது சுட்டது. நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த கணவர் முந்திக்கொண்டார்.

"நான் எவ்வளவு சொல்லியும் இவ கேக்கிறல்ல டொக்டர்."

அந்த இடத்திலேயே ஊன்றுகோலை எடுத்து ஓங்கியிருப்பேன். கால் அனுமதிக்கவில்லை.

காலுக்குப் பயிற்சி தரும் பிள்ளை ஓரமாக நின்றிருந்தாள். அவள்தான் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"டீச்சர், இத எப்ப எப்ப போடுறீங்க?"

"வெளியில போகக்குள்ள."

"வீட்டுக்குள்ள?"

"வீட்டுக்குள்ள ஆர் சப்பாத்துப் போடுற? ஆஸ்பத்திரிக் கக்கூசெல்லாம் மிதிச்சத நான் குசினிக்குள்ள கொண்டு போகவா?"

அவள் மெல்லச் சிரித்து, "எங்கட வீட்டிலயும் வாசல்லதான் டீச்சர்" என்றாள்.

நாலு கிழமையாக அந்த சென்சர் எங்கள் வாசற்படியில் சும்மா கிடந்திருக்கிறது. அதை அனுப்பிய தம்பிக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. என் மடத்தனத்துக்கு நான் என்னையே ஏசினேன். அது வேறு கணக்கு.

அவள் அட்டையை ஒரு புதுக் காலுறைக்குள் வைத்துப் பாதத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். மூன்று நாள் இதோடு வழக்கம்போல இருங்கள், எங்கே பாரம் கூடுகிறது என்று பிடித்துவிடலாம் என்றாள்.

அடுத்த நாள் விடியற்காலை, தேங்காயைத் திருவி வைத்துவிட்டுப் பிட்டுப் பானையை அடுப்பில் தூக்கி வைத்தேன். இரண்டு கையும் வேண்டும். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்து நின்றது. அறைக்குள் போன் கத்தியது. உடனே நின்றது. அவர் எழும்பி வருகிறார் என்று நினைத்துத் அறை வாசல் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை. மாவை எடுக்கத் திரும்பினேன், கத்தியது, நின்றது. அதற்குப் பிறகு கத்தவே இல்லை. சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுத்திருந்தார். அன்று பிட்டுக்கு உப்புப் போட மறந்துபோனேன். அதை மட்டும் முதல் வாயிலேயே கண்டுபிடித்தார்.

மூன்றாம் நாள் கிளினிக்கில் அந்தப் பிள்ளை போனைத் திறந்தாள். பகல் முழுக்கப் பச்சை. ஒவ்வொரு நாளும் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை சிவப்பு. ஐம்பது கிலோ வரை போயிருந்தது.

"இந்த நேரத்தில என்ன செய்றீங்க டீச்சர்?"

"அந்நேரம் இவ படுத்திருப்பா" என்றார் கணவர். "மிஷின் பிழையாக்கும்."

"படுத்திருக்கிற நீங்கதான்" என்றேன். "நீங்க தின்ற பிட்ட ஆர் அவிச்ச?"

அவர் போனைக் கையில் வாங்கி, அந்தச் சிவப்பை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

அடுத்த நாளிலிருந்து அவர்தான் எழும்பினார். முதல் கிழமைப் பிட்டு மாவாகவே இருந்தது, தின்றோம். ஆணி அதற்கு மேல் வளையவில்லை. எலும்பு பொருந்தியது. காலைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை என்று டொக்டர் சொன்ன அன்று நான் கிளினிக் வாசலில் இருந்து அழுதேன். இப்போது வகுப்பில் நின்றே படிப்பிக்கிறேன்.

அவர் இன்றைக்கும் வருகிற எல்லோரிடமும் அந்த மிஷினைப் புகழ்கிறார். "அது காட்டாட்டி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்கிறார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாலு கிழமையும் ஒவ்வொரு பின்நேரமும் அவருக்கு முன்னால் கதிரையில் காலை நீட்டி வைத்து, வீங்கியிருக்கு, வலிக்குது என்று சொன்னது நான்தான்.