இரண்டு பாதங்களுக்கு ஒரே களிம்பு

புண்களை வரைவதுதான் சில வருடங்களாக என் வேலை. ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில், ஆய்வுப் பிரிவுக்கென்று ஒதுக்கிய சிறிய அறையில் உட்கார்ந்திருப்பேன். இனிப்பு நீர்க்காரர்கள், அதாவது சர்க்கரை நோய் உள்ளவர்கள், வந்து ஆறாத பாதத்தைத் தூக்கி முக்காலியின் மேல் வைப்பார்கள். புண்ணின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தாளை விரித்து, அதன் கரையைப் பேனாவால் சுற்றி வருவேன். பிறகு அந்தத் தாளைக் கட்டம் போட்ட காகிதத்தின் மேல் வைத்து, கோட்டுக்குள் எத்தனை கட்டங்கள் விழுகின்றன என்று எண்ணி எழுதுவேன். இரண்டு வாரம் கழித்து அதே பாதம் திரும்ப வரும். மறுபடி வரைவேன்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். காலையில் அதைத் திறந்தால் எதிரே சுண்ணாம்புக் குன்று பாதி பனிமூட்டத்தில் நிற்கும். அடிவாரம் தெரியாது, உச்சி மட்டும் தெரியும். கட்டங்களை எண்ணி எண்ணிக் கண் சோர்ந்தால் அதைப் பார்ப்பேன். விடியற்காலைத் தூக்கத்தில்கூட நான் வரைந்த கோடுகள் வந்து போகும். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வெயிலில் வற்றுவதைப் போல, ஒவ்வொரு கோடும் தன் உள்ளே இருந்த இன்னொரு கோட்டுக்குச் சுருங்கிக்கொண்டே போகும். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அவை கூரையில் மிதப்பது போல இருக்கும்.

நாங்கள் செய்துகொண்டிருந்த ஆய்வு எளிமையானது. எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. புண்ணைக் கழுவுவோம், கட்டுப் போடுவோம், சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்போம். அதோடு ஒரு குழாய்க் களிம்பும் கொடுப்போம். பாதிப் பேருக்குக் கொடுத்த களிம்பில் புது மருந்து இருந்தது. மீதிப் பேருக்குக் கொடுத்ததில் மருந்து இல்லை. நிறம், மணம், குழாய் எல்லாம் ஒன்றுதான்.

இதை நான் விளக்கிய விதங்களிலேயே எனக்கு அதிகம் நினைவிருப்பது ஒரு லோரி ஓட்டுநரிடம் விளக்கியது. ஐம்பதைத் தாண்டியவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், அவர் சொல்வதில் கித்தா தோட்டத்தில், பிறந்தவர். கித்தா மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். இப்போது தாமான் என்று சொல்லும் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு சின்ன வீட்டில் மனைவியோடு இருந்தார். வலது பாதத்தின் அடியில், பிரேக்கை மிதிக்கும் இடத்தில், அவருக்குப் புண்.

"எனக்கு எந்தக் குழாய் வந்திருக்குன்னு நீங்க பாத்துச் சொல்லுவீங்கதானே, மிஸ்ஸி?" என்று கேட்டார். தாதியரை அந்தப் பக்கத்துத் தமிழர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எனக்கே தெரியாதுண்ணே. சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும்."

"டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது. எல்லாம் முடிஞ்ச பெறகு மொத்தமாத்தான் தொறந்து பாப்பாங்க."

அவர் ஜன்னல் வழியாகக் குன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல வெளையாட்டுலா இது," என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவர் வரும் நாட்கள் எனக்குப் பிடித்துப் போயின. நான் பேனாவை எடுத்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். மூடியபடியே தான் முப்பது வருடம் ஓட்டிய பாதைகளில் மெல்லப் போய்க்கொண்டிருப்பார். "இப்ப பாகான் டத்தோ ரோட்டுல போறேன் மிஸ்ஸி. ரெண்டு பக்கமும் தென்ன. மழ வரப் போவுது." இன்னொரு நாள் சித்தியவானுக்குப் போவார், கடல் காற்றில் மீன் வாடை வருகிறது என்பார். அவர் குரலைக் கேட்டுக்கொண்டே என் பேனா புண்ணின் கரையோரம் போகும். அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் நான் வரைந்து முடித்துவிடுவேன். வருகைக்கு வருகை கட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன.

ஒன்று மட்டும் கணக்கில் உதைத்தது. ஒவ்வொரு தடவையும் மீதிக் களிம்போடு குழாயைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அதை நான் தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும். அவருடைய குழாய் மட்டும் எப்போதும் ஒட்ட வழித்துக் காலியாக வரும். நாலாவது தடவை கேட்டேன்.

"கொஞ்சமாத்தானே தடவச் சொன்னோம்? ஏண்ணே இவ்வளவு சீக்கிரம் தீருது?"

"நம்ம கை கொஞ்சம் தாராளம், மிஸ்ஸி," என்றார். அன்று அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த முறை அவர் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எங்கள் படிவத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு சிறிய கட்டம் இருக்கிறது, 'தொடர்பு விட்டுப் போனவர்' என்று. அதில் ஒரு கோடு இழுத்தால் என் பொறுப்பு முடிந்துவிடும். பேனாவை அதன் மேல் வைத்தேன், இழுக்க மனம் வரவில்லை. ஆய்வுக்குப் பொறுப்பான மலாய்க்கார டாக்டரிடம் போய், வீட்டுக்கே போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மழை விட்ட ஒரு காலையில் என் சின்னக் காரில் புறப்பட்டேன். சாலையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. சுங்கை சிப்புட் தாண்டியதும் செம்பனை வரிசைகள் தொடங்கின. ஒரு வரிசை நேராகத் திறந்து உள்ளே ஒரு நீண்ட பச்சைச் சுரங்கத்தைக் காட்டும், உடனே மூடிக்கொள்ளும், அடுத்தது திறக்கும். எவ்வளவு தூரம் ஓட்டினேன் என்றே தெரியவில்லை. எதிரே மரக்கட்டை ஏற்றிய லோரி ஒன்று ஹாரன் அடித்துப் போன பிறகுதான் தாமானின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது.

கதவைத் திறந்தது அவர் மனைவி. பள்ளிக்கூடக் கேண்டீன் ஒன்றில் சமைக்கிறவர் என்று ஓட்டுநர் முன்பே சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனால் வாய், "வாங்க மிஸ்ஸி, பசியாறிட்டீங்களா?" என்றது. அந்த அக்கா திரும்பி நடந்தபோது இடது காலில் பழைய காலுறை ஒன்று இருந்தது. இன்னொரு கால் வெறுங்கால். அந்தக் காலுறையிலிருந்து வந்த வாடை எனக்குப் பழக்கமானது.

"அக்கா, காலுக்கு என்ன?"

"ஒன்னும் இல்ல. செருப்பு கடிச்சது."

பின்கட்டிலிருந்து கணவர் வந்தார். என்னைப் பார்த்து நின்றார். பிறகு மனைவியிடம், "காட்டு. இனிமே மறைச்சு என்ன ஆவப் போவுது," என்றார்.

காலுறையைக் கழற்றினோம். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அவற்றுக்குக் கீழே புண் பாதத்துக்குள் இறங்கியிருந்தது. ஓரங்களில், கவனமாக, நாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே களிம்பு தடவியிருந்தது.

"இவளுக்கும் இனிப்பு நீர் இருக்கு. புண்ணு மொதல்ல சின்னதாத்தான் இருந்துச்சு," என்றார் அவர். "எனக்கு ஆறிக்கிட்டு வருதே, அதையே இவளுக்கும் போடுவோம்னு பாத்தேன். சாயங்காலம் கேண்டீன் விட்டு வந்ததும் ரெண்டு பேரும் பின்வாசல்ல ஒக்காருவோம். நான் இவ கால கழுவுவேன், இவ என் கால கழுவுவா. பாதி எனக்கு, பாதி அவளுக்கு."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமேண்ணே?"

"நாந்தான் மாட்டேன்னுட்டேன்," என்றார் அந்த அக்கா. "எங்க அக்கா போனா. மொதல்ல விரல போத்தோங் பண்ணாங்க. பெறகு பாதம். பெறகு முட்டி வரைக்கும். வெட்டி வெட்டியே அவ முடிஞ்சு போயிட்டா. நான் கால வெட்டக் குடுக்க மாட்டேன்."

"நீங்க ஏண்ணே வரல?"

அவர் தரையைப் பார்த்தார். "குழாய் ஏன் தீருதுன்னு கேட்டீங்கல்ல. கண்டுபுடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். என்னை எடுத்துட்டா மருந்து நின்னுரும். கையில இருந்த குழாய வெச்சு ஓட்டுவோம்னுதான் வரல."

நான் கேட்ட ஒரு கேள்வி அவரை ஒரு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறது. அந்த நாட்களில்தான் இந்த விரல்கள் கறுத்திருக்கின்றன. அவர்கள் போட்டுக் கொடுத்த நாற்காலியில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து அந்த அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"வெட்டவே மாட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. பொய் சொல்ல முடியாது. இன்னைக்கு வந்தா பாதம் தப்பிக்கும்னு எனக்குத் தோணுது. தள்ளிப் போட்டா அதுவும் கஷ்டம்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, யாரும் போய் அணைக்கவில்லை. கடைசியில் அந்த அக்கா, "நீங்க கூட இருப்பீங்களா?" என்று கேட்டார்.

"இருப்பேன்."

மூன்று பேரும் ஈப்போவுக்குத் திரும்பினோம். வழியில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் கரைந்து, செம்பனைகளும் கடைகளும் குன்றுகளும் ஒரே பச்சைச் சாம்பல் நிறமாக ஓடின. பின் இருக்கையில் அந்த அக்கா கணவரின் மடியில் காலை நீட்டி, சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் அந்தப் பாதத்தைத் துண்டால் மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பயணம் முடியாமலே இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் மழையில் கார் ஓட்டினால் அந்தப் பின் இருக்கையில் ஆள் இருப்பது போலவே இருக்கும்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

மறுநாள் நான் நடந்ததை எழுத வேண்டியிருந்தது. ஆய்வுக்குக் கொடுத்த மருந்தை வேறொருவருக்குப் பயன்படுத்தியது பெரிய விதிமீறல். எழுதினால் ஓட்டுநரை ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். காலை முழுதும் கடுங்கோப்பி குடித்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று விடாமல் எழுதினேன், நான் கேட்ட கேள்வியையும் சேர்த்து. டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "நீக்கக் கூடாது," என்றார். "சீட்டு விழுந்த நாளிலிருந்து அவர் நம் கணக்கில் இருக்கிறார். மருந்தைச் சரியாகப் போட்டவர்களை மட்டும் எண்ணினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். வெளியே மனிதர்கள் இப்படித்தானே மருந்தை உபயோகிப்பார்கள்? பாதியைக் கொடுப்பார்கள், மறப்பார்கள், பயந்து ஒளிந்துகொள்வார்கள். அதோடு சேர்த்துத்தான் ஒரு மருந்து நல்லதா என்று தெரிய வேண்டும்." பிறகு மெல்ல, "அந்த அம்மாவைத்தான் நம்மால் எண்ண முடியாது. அவர் சேரவே இல்லையே," என்றார்.

அந்த வாரம் வார்டில் போய்ப் பார்த்தபோது, கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா என்னைப் பார்த்து, "அவர் கால வரைவீங்களாமே. என்னோடத வரைய மாட்டீங்களா?" என்றார். வார்டு தாதியிடம் அனுமதி கேட்டு, சுத்தமான தாள் ஒன்று கொண்டுவந்து வரைந்தேன். கட்டம் எண்ணவில்லை, எந்தக் கோப்பிலும் வைக்கவில்லை. தாளை அவர் கையிலேயே கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பினாங்குத் தீவு மாதிரி இருக்குலா," என்றார்.

ஆய்வு முடிந்து, மூடிவைத்த பட்டியலைத் திறந்தார்கள். இரண்டு களிம்புகளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. நாங்கள் எல்லாரும் கொஞ்சம் வாடித்தான் போனோம். சேர்ந்தவர்களுக்கு அவரவருக்கு வந்தது எது என்று கடிதம் அனுப்பினார்கள். ஓட்டுநருடையதை மட்டும் நான் நேரில் கொண்டுபோனேன்.

வெயில் தாழ்ந்த நேரம். பின்வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் புண் முழுதும் ஆறியிருந்தது. அந்த அக்கா அகலமான புதுச் செருப்பு போட்டிருந்தார்.

"உங்களுக்கு வந்தது மருந்து இல்லாத குழாய்ண்ணே."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் கையை விரித்து அதையே பார்த்தார். "அப்ப இவளுக்கு நான் தடவுனது வெறும் களிம்பு. அத நம்பித்தானே இழுத்துக் கூட்டிட்டு வராம விட்டேன். இவ விரல் போனது என்னாலதான்."

புது மருந்தே வந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இழுத்திருந்தா மட்டும் வந்திருப்பேனாக்கும்," என்றார் அந்த அக்கா. "தெனமும் என் கால யாரு தொட்டுப் பாத்தா? ஒங்களத் தவிர?" பிறகு என் பக்கம் திரும்பி, "இவரு கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருப்பாரு, மிஸ்ஸி. விடுங்க. கோப்பி குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

அந்த அக்கா சொன்ன மாதிரியே, அவர் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்திருக்கிறார். பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. தாமானில் ஒரு வீடு விடாமல் போய், செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். சிலர் திட்டினார்களாம், சிலர் காட்டினார்களாம்.

"மூனு கால் இருக்கு, மிஸ்ஸி. ஒன்னு மோசம். நாளைக்கே கூட்டிட்டு வரவா?"

"எங்க ஆய்வு முடிஞ்சிருச்சேண்ணே. குழாய் எதுவும் இல்ல."

"குழாய் வேணாம்லா. டாக்டர் பாக்கணும், அவ்வளவுதான்."

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்து காத்திருந்தேன். வாசலில் யாருடையதோ பழைய வேன் ஒன்று வந்து நின்றது. முதலில் அவர் இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் இறங்கினார்கள். கடைசியில் அந்த அக்கா இறங்கி, பயந்து நின்ற ஓர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பனிமூட்டம் இன்னும் விலகாத முற்றத்தில் அவர்கள் மிக மெதுவாக நடந்து வந்தார்கள். நான் போய்ப் பதிவு மேசையில் ஐந்து நாற்காலிகள் கேட்டு வாங்கிப் போட்டேன்.