உள்ளேன் ஐயா சொல்லாதவள்

வாத்தியார் வேலையில் பாதி பாடம், பாதி பதிவேடு, சங்கடமெல்லாம் பதிவேட்டில்தான். தலை எண்ணி எழுதியே கை சலித்த சக வாத்தியார்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

கட்டம் இல்லாத பிள்ளை

மலாயாவில், சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு வேலை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தேன். பால்வெட்டுக்கார வேலு தன் மகள் அஞ்சலையைக் கணக்கிலேயே சொல்லவில்லை. பத்து வயது; காது கேட்காது, பேச்சும் வராது. ஒரு வாரம் நடையாய் நடந்து அவளையும் சேர்த்தேன். பதிவேட்டில் தகப்பன் பெயர், சாதி, லயத்து நம்பர் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அவள் குறைக்கு இல்லை. பட்டியலைப் பார்த்த ஆபீஸ் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக் கிராணி, கேட்டார்: "உந்தச் செவிட்டுப் பெட்டைக்கு என்னத்துக்கு மாஸ்டர் படிப்பு?"

மணி அடித்த பிறகு

தோட்டத்தில் எனக்குப் பேச ஆளில்லை. லயத்துக்காரர்கள் கும்பிட்டு ஒதுங்குவார்கள்; கிராணி வீட்டுப் படி ஏற எனக்கு அழைப்பு வந்ததில்லை. பள்ளி விட்டதும் எல்லாப் பிள்ளைகளும் ஓடிவிடும். அஞ்சலை மட்டும் பலகையோடு என் மேசையருகே உட்கார்ந்து 'அ' எழுதிக் காட்டுவாள். சத்தமே இல்லாத அந்த அரைமணி நேரம்தான் எனக்கு ஆறுதல். அவள் அம்மா ஒருநாள் சொன்னாள்: "வீட்டுல உம்முனு கெடக்கும்யா. இங்க வாரதுக்கு மட்டும் அதுவே சீப்பை எடுத்து நீட்டுது."

குனிந்த தலை

பெயர் கூப்பிடும்போது நான் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் வருகை, வராவிட்டால் பெருக்கல் குறி. பல வருஷப் பழக்கம். அஞ்சலை வந்திருப்பது எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. மாதக் கடைசியில் பதிவேடு ஆபீசுக்குப் போனது. வராத பிள்ளை என்று அவள் பெயரை அடித்து, புல்வெட்டு வேலைப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். பதறிக்கொண்டு ஓடினேன். கிராணி என் பெருக்கல் குறிகளைத் திருப்பிக் காட்டினார்: "வரேல்லை எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள்?"

பெரட்டு

மறுநாள் விடியலில், ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கே போனேன். தன்னைவிட உயரமான வரிசையில் அஞ்சலை நின்றாள். தலை படிய வாரியிருந்தது. என்னைப் பார்த்ததும் விரலால் காற்றில் 'அ' எழுதினாள். "அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காதே, இங்கே எப்படிப் பதில் சொல்லும்?" என்று, வரிசையை எண்ணிக்கொண்டிருந்த கங்காணியிடம் கெஞ்சினேன். அவர் வரிசையைப் பார்த்தபடியே சொன்னார்: "பதிலெல்லாம் வேணாம் வாத்தியாரே. நாங்க மொகத்தப் பாத்துத்தான் பேரு போடுவோம்."

இப்போதெல்லாம் நானும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் பெயர் கூப்பிடுகிறேன்; பார்க்க வேண்டிய முகம்தான் வகுப்பில் இல்லை.