கதவு கழற்றியவன்

என் மனைவியின் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவனுடைய அம்மாவே மறந்துவிட்டார். எல்லோருக்கும் அவன் 'டேப்பு'. இடுப்பில் அளவுநாடா இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. சொந்தக் கல்யாணத்தன்றே, மேடை ஒரு பக்கம் அகலம் குறைகிறது என்று அளந்து காட்டியவன் அவன்.

தொழில், வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் உள் அலங்காரம். அலங்காரம் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். இருக்கிற ஆளுடைய குணம் சுவரில் தெரிய வேண்டும், அதுதான் தன் வேலை என்பான். குணமெல்லாம் சுவரில் தெரிந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டுக்கு யார் விருந்தாளியாக வருவார்கள் என்று நான் கேட்டதில்லை. மைத்துனனிடம் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு ஒரு வரம்பு இருக்கிறது.

சின்ன வயதிலிருந்தே யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற பிள்ளை. "உனக்குப் படிப்பு வராதுடா" என்று என் மாமனார் ஒரு நாள் எரிச்சலில் சொல்லியிருக்கிறார். பையன் அன்றைக்கே புத்தகப் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டான். பிறகு ப்ளைவுட் கடையில் வேலைக்குச் சேர்ந்து, மரம் அறுக்கப் பழகி, படம் போடக் கற்றுக்கொண்டு, கடைசியில் தனியாகக் கடை போட்டான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஒருவன் தொழில் செய்து பிழைப்பான் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

பிழைத்தான். அதற்குக் காரணம் அவனுடைய ஒரே கேள்வி. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில், "நீங்க எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்பான். அவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வான். சொன்னதை அப்படியே கட்டிக் கொடுப்பான்.

ஒரு பல் டாக்டரம்மா, தனக்குத் தூக்கத்தைவிடப் படிப்பதுதான் பிடிக்கும் என்றார். அவருடைய படுக்கையறையில் நாலு சுவரிலும் புத்தக அலமாரி எழுந்தது. நடுவில், திரும்பிப் படுத்தால் விழுந்துவிடும்படி ஒரு ஒல்லிக் கட்டில். டாக்டரம்மா இப்போது ஹால் சோபாவில் தூங்குகிறார். ரிட்டயர் ஆன ஒரு தம்பதி, எங்களுக்குள் ஒளிவுமறைவே கிடையாது என்று பெருமையாகச் சொன்னார்கள். அவர்கள் வீட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவே கண்ணாடி வைத்தான். மறு வாரமே அந்த மனிதர் தன் பக்கம் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். அந்த அம்மா அவர் பக்கத்தைவிடத் தடிமனான போர்வையாகப் பார்த்து வாங்கித் தொங்கவிட்டார்.

இவ்வளவு நடந்தும் ஒருவர்கூட அவனிடம் வந்து சண்டை போட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் சுலபம். அறை சரியில்லை என்று புகார் சொல்ல வேண்டுமானால், தன்னைப் பற்றித் தான் சொன்னது பொய் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் போர்வை மலிவு. என் மனைவி தன் தம்பியை வெள்ளந்தி என்பாள். ஊமைக்குசும்பு என்பது என் கட்சி.

எங்கள் வீட்டையும் அவன்தான் செய்தான். என் மனைவி, "நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன்டா" என்று உள்ளதைச் சொன்னாள். அவள் பக்கத்துச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரைக்கும் அலமாரி கிடைத்தது. நான், எனக்கு எதிலும் ஆசை கிடையாது, ரெண்டு சட்டையும் ஒரு கட்டிலும் போதும் என்றேன். என் பக்கத்துச் சுவரில் ஒரே ஒரு ஆணி அடித்துக் கொடுத்தான். துறவிகளுக்குக்கூட இரண்டு ஆணி இருக்கும். சொன்னது சொன்னதுதான் என்று அந்த ஒற்றை ஆணியில் எட்டு வருஷமாகச் சட்டைமேல் சட்டையாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் என் முதலாளியிடம் நானே சேர்த்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

நான் தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேனேஜர் வேலையை விட்டுப் போகப் போகிறார் என்று பேச்சு வந்த நேரம். அந்த நாற்காலிக்கு வரிசையில் முதலில் நின்றவன் நான். அடுத்து நின்றவர் ஸ்டோர்கீப்பர். முதலாளி ஆபீஸைப் புதுப்பிக்கப் போகிறேன் என்றதும், என் மைத்துனன் இருக்கிறான் சார் என்று முந்திக்கொண்டேன்.

டேப்பு வந்தான். நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்கும்போதே தன் கேள்வியைக் கேட்டான். முதலாளிக்கு ஆள் கூடினால் போதும், பேச்சு தானாக வரும்.

"நான் ரொம்ப எளிமையான ஆளு. என்கிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. என் கதவு எல்லாருக்கும் எப்பவும் திறந்தே இருக்கும்."

நாங்கள் கை தட்டினோம். டேப்பு தலையாட்டினான். வேலை முடிந்து திறந்து பார்த்தால், திறக்க ஒன்றுமில்லை. கேபினுக்குக் கதவே இல்லை. கீல் இருந்த இடத்தைக்கூட மெழுகி வர்ணம் அடித்திருந்தான். முதலாளி அந்த வாசலில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார். பிறகு, "பிரமாதம்" என்றார். வேறு என்ன சொல்வார்?

பழைய கேபினில் கதவைச் சாத்திக்கொண்டுதான் முதலாளி எங்களைக் கிழிப்பார். இப்போது கிழிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போன் செய்து, வெளியூரில் இருப்பதாகச் சொல்லவும் முடியவில்லை. முதல் வாரம் முணுமுணுத்துப் பார்த்தார். முணுமுணுத்துத் திட்டினால் திட்டுகிறவருக்கே திருப்தி இருக்காது போலிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து தவறு செய்தவர்களைக் கீழே நிற்கும் தன் காருக்குக் கூப்பிட ஆரம்பித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே வைத்துக் கத்துவார். வெளியிலிருந்து பார்த்தால் வாய் மட்டும் அசையும். "சார் கார்ல இருக்காரு, உங்களைக் கூப்பிடறாரு" என்று டெலிபோன் பெண் வந்து சொன்னால், பக்கத்து மேஜைக்காரர் எழுந்து கை கொடுத்து அனுப்பிவைப்பார்.

ஒரு நாள் என்னையும் கூப்பிட்டார்.

ஆச்சரியம், கத்தவில்லை. மேனேஜர் நாற்காலிக்கு உன்னைத்தான் நினைத்து வைத்திருக்கிறேன் என்றார். உன் மைத்துனனிடம் சொல்லிச் சத்தமில்லாமல் ஒரு கதவு போட்டுவிடு, நான் கேட்டதாக மட்டும் இருக்கக் கூடாது என்றார். அன்று மாடிப்படியை நான் இரண்டிரண்டாக ஏறினேன்.

டேப்பு மாட்டேன் என்றுவிட்டான். கெஞ்சினேன். என் வேலை உயர்வே அதில்தான் தொங்குகிறது என்றேன். மனைவியைத் தூது விட்டேன். அவள் போய்ப் பேசிவிட்டு, தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று கட்சி மாறித் திரும்பினாள்.

"மாமா, அவரு சொன்ன ஆளுக்குக் கதவு தேவையில்ல. வேற ஆளுன்னா அவரே சொல்லட்டும், நாளைக்கே போட்டுடறேன்."

அதற்குள் முதலாளி என்னை மூன்று தடவை காருக்குக் கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது தடவை கண்ணாடியை ஏற்றினார். இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் மைத்துனன். மத்தளத்துக்காவது அடிக்கிறவன் ஒருவன்தான். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு நாள் நேராகக் கேபினுக்குள் போய் நின்றேன். ஆபீஸ் நிறைய ஆள். இன்னொரு தரம் காருக்குள் போய் உட்காரும் தெம்பு எனக்கு இல்லை.

"சார், என் மச்சான் மறுபடியும் கேக்கறான். நீங்க எப்படிப்பட்ட ஆளு?"

கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தமெல்லாம் நின்றுபோனது. முதலாளி, கதவு இருந்த இடத்தைப் பார்த்தார். அந்த வழியாக எங்கள் எல்லோருடைய முகமும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"நான் கோவக்காரன்பா. கத்துவேன். கத்துறதை நாலு பேரு கேட்டா எனக்கு அவமானமா இருக்கு. எனக்கு ஒரு கதவு வேணும்" என்றார்.

"தெரியும் சார்" என்றாள் டெலிபோன் பெண், மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. உண்மையைச் சொல்லும்போது அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

டேப்பு சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். மறுநாளே கதவு வந்தது. சாதாரணக் கதவு இல்லை. இரட்டைப் பலகை, நடுவில் பஞ்சு, சுற்றிலும் ரப்பர். கத்துகிறவருக்குத் தகுந்த கதவு. மாட்டி முடித்த அன்று சாயங்காலம் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, தன் கையாலேயே சாத்தினார். அந்தக் கதவுக்குப் பின்னால் நின்ற முதல் ஆள் நான்தான்.

சத்தமில்லாமல் முடி என்றுதானே சொன்னேன், இத்தனை பேருக்கு முன்னால் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவனை எப்படி மேனேஜராக்குவது என்று கத்தினார். இரண்டு மாதமாகக் காருக்குள் கத்தியும் தீராமல் சேர்ந்திருந்தது அத்தனையும் என் தலையில் இறங்கியது. நாற்காலி ஸ்டோர்கீப்பருக்குப் போய்விட்டது. வெளியே வந்தபோது ஸ்டோர்கீப்பர் உட்பட எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சார் கதவைப் பாராட்டினார் என்று சொன்னேன். நம்பினார்கள். அவ்வளவு நல்ல கதவு.

வீட்டுக்கு வந்தால் டேப்பு இருந்தான். அக்காவின் அலமாரிக்குக் கீல் மாற்றிக்கொண்டிருந்தான். கதவு எப்படி மாமா என்று கேட்டான். ஒரு சத்தம் வெளியே வரவில்லை என்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஏற்கெனவே நான்கு சட்டை தொங்கிக்கொண்டிருந்ததால் அது வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து மாட்டினேன். மறுபடியும் விழுந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு மேனேஜர் ஆகணும்னு ரொம்ப ஆசை இருந்துச்சுடா. ஸ்டோர்கீப்பருக்குக் குடுத்துட்டாரு."

அலமாரிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். தூது விட்டபோதுகூட வேலை உயர்வு என்றுதான் சொன்னேனே தவிர, ஆசை என்ற வார்த்தையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. டேப்பு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். இடுப்பிலிருந்து அளவுநாடாவை எடுத்து, ஒரு நுனியை என் பக்கத்துச் சுவரின் மூலையில் வைத்தான்.

"பாதிச் சுவர் போதுமா மாமா?"

"முழுசும்" என்றேன்.