அத்திப்பழத்துப் பூச்சி

செங்கம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் கஃபேயில் அத்திப்பழ ஜூஸ் வாசனை மூக்கில் ஏறியதும், அதே இடத்தில் முன்பு இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் நின்ற அத்திமரத்தின் அடியில் மனசால் போய் நின்றுவிட்டேன். அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்த்து, விடியும்போதே குயிலையும் மைனாவையும் அணிலையும் கூட்டிவைத்துச் சண்டை மூட்டி, மிச்சப் பழங்களைத் துவைக்கிற கல்லில் பொத்துப்பொத்தென்று போட்டு எங்களை எழுப்பிவிடும் மரம் அது. பழத்தைப் பிட்டால் கடுகைவிடச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் பறக்கும். அம்மா ஊதிவிட்டுத் தின்பாள். நான் அருவருத்து அழுவேன்.

எனக்காகத்தான் அப்பா, கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலைக்கு அடிக்கிற மருந்தை வாங்கிவந்து, ஏணி போட்டு மரம் முழுக்க அடித்தார்.

"இனிமே ஒரு பூச்சி இருக்காது பாரு, பாப்பா."

இருக்கவில்லை. காய்களும் பழுக்காமலே வெம்பி உதிர்ந்தன. அந்தப் பூச்சி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்தால்தான் அத்தி பழுக்கும், அத்திக்குள்தான் அது குஞ்சு பொரிக்கும் என்பதெல்லாம் நான் காலேஜில் படித்துத் தெரிந்துகொண்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, பழுக்காத மரம் எதற்கு என்று வீட்டுக்காரர் வெட்டிவிட்டார். எங்களை எழுப்ப அப்பா ஒரு அலாரம் வாங்கினார்.

"தைரியமா குடிங்க மேடம், ஒரு பூச்சிகூட இருக்காது," என்று டம்ளரை வைத்தார் கஃபேக்காரர்.

ஒன்றாவது இருக்காதா என்று கடைசிச் சொட்டு வரை தேடினேன்.