பெரிய வீட்டின் இரண்டு சொம்புகள்

பாச்சை உருண்டையின் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் முதலில் என் தாத்தாதான் நினைவுக்கு வருகிறார். பாசம் மேலிட்டு வருகிறார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வருஷம் முழுக்க மரப்பெட்டியில் பாச்சை உருண்டைகளோடு கிடக்கும் ஒரு பட்டு அங்கவஸ்திரத்தைப் பங்குனித் திருவிழாவுக்கு மட்டும் எடுத்துப் போர்த்திக்கொண்டு, கோயில் வாசலில் பூசாரி வந்து தலையில் பரிவட்டம் கட்டும் வரை கண்ணை மூடியபடி நிற்பார். முன்னால் அந்த நெடி போகும், பின்னால் அவர் போவார், அவருக்குப் பின்னால் நாங்கள் போவோம். அந்த முழத் துணி தன் தலையில் ஏறுவதற்காக அவர் எதையும் விற்பார், யாரையும் தள்ளி வைப்பார் என்பதைப் புரிந்துகொள்ளும் வயது அப்போது எனக்கு இல்லை.

பட்டாபிராமில் ரயிலை விட்டு இறங்கி, நெமிலிச்சேரி தாண்டி, ஏரிக்கரையோடு நடந்தால் வரும் எங்கள் ஊர். எண்பதுகளில் அங்கே எங்கள் வீட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் ‘பெரியூடு’. பெரிய வீடுதான், ஆனால் பாதி அறைகளில் ஓடு சரிந்து மழை உள்ளேயே பெய்யும், மீதி அறைகளில் விலை ஏறட்டும் என்று விற்காமல் வைத்திருந்த நெல்லில் அந்துப்பூச்சி பறக்கும். எங்கள் வயலில் தலைமுறை தலைமுறையாக இறங்கிய காலனிக் குடும்பங்களின் பிள்ளைகள் அதற்குள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். நடவுக்கு ஆள் வராததை அவர்கள் முன்னேற்றமாகவோ தன் கஷ்டமாகவோ தாத்தா பார்க்கவில்லை, மரியாதைக் குறைவாகப் பார்த்தார். கூலியைக் கூட்டிக் கேட்டவர்களிடம் பேச மாட்டேன் என்று நல்ல நஞ்சையைத் தரிசாகப் போட்டுவிட்டு, “யானை படுத்தாலும் குதிரை மட்டம்” என்பார். எங்கள் யானை எழுந்து நின்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பெரியப்பா, இளையவர் என் அப்பா. இருவரும் ஒரே கிணற்றில் குளித்து, ஒரே அடுப்பில் சமைத்ததைத் தின்று, ஒருவர் நல்லா இருந்துவிடக் கூடாது என்பதில் மற்றவர் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். பெரியப்பா ஏரிக்கரைப் பக்கம் போனால் என்ன பார்க்கப் போனார் என்று அறிய அப்பாவும் போவார். அதற்காக மட்டுமே அவர்கள் வயலுக்குப் போனார்கள். சொத்தைப் பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்செடுத்தால் ரோட்டோரத்துப் புஞ்சை யாருக்கு என்ற இடத்தில் வந்து நிற்கும். அங்கே நின்றால் நின்றதுதான். இப்படிப் பிரிக்காமல் கிடந்த சொத்துதான் பிறகு எல்லாவற்றுக்கும் காரணமாக வந்து வாய்த்தது.

இவர்களுக்கு ஒரு தங்கை. வேதவல்லி, என் அத்தை. பத்தாம் வகுப்பு முடித்தவள். அந்த வீட்டிலேயே அதிகம் படித்தவள் அவள்தான். பாட்டி நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால் வீட்டுச் சாவிக்கொத்து அத்தையின் இடுப்பில் இருந்தது, சாவி போட்டுத் திறக்கத்தான் எதுவும் இல்லை. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் தாத்தா தட்டிக் கழித்தார். ஆவடியில் வாத்தியார் வேலை பார்த்தவரை “சாக்பீஸ் தூள்” என்றார். பூந்தமல்லியில் கடை வைத்திருந்தவரைத் தராசு பிடிக்கிறவன் என்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் ஒருவரின் ஜாதகம் வந்தபோது, “சங்கு ஊதுனா உள்ள ஓடுறவனுக்கு எம் பொண்ணா?” என்று அதைத் தரையில் போட்டார். அத்தைதான் குனிந்து எடுத்து வைத்தாள். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

தினமும் காலையில் தாத்தாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவது அத்தையின் வேலை. அந்தத் தை மாதம், எனக்குப் பத்து வயது, ஒரு நாள் காலையில் அவள் படித்த செய்தி இது: பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் இனிப் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளைப் போலவே பங்கு உண்டு என்று சட்டம் வரப் போகிறது, ஏற்கெனவே கல்யாணமாகிப் போனவர்களுக்கு மட்டும் பங்கு கிடையாது. “இன்னொரு தபா படி” என்றார் தாத்தா. அதே குரலில், ஒரு எழுத்தைக் கூட விழுங்காமல், அவள் மறுபடியும் படித்தாள். பெரியப்பா பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

ஒரு வாரத்துக்குள் லேத் மாப்பிள்ளை தங்கமான பையனாகிவிட்டார். கெட்ட பழக்கம் இல்லாதவர், கை நிறையச் சம்பளம், உழைக்கிறவன் கைதான் கை என்றெல்லாம் தாத்தாவே ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாசிக் கடைசியில் முகூர்த்தம் குறித்தார்கள். சட்டம் வருவதற்குள் அத்தையின் கழுத்தில் தாலி ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணப் புடவைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கூடக் கேட்கவில்லை.

இந்த அளவுக்குத் திட்டம் போடத் தெரிந்தவர்கள் அதை நிறைவேற்றியிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இருந்திருக்காது. ஆனால் கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று இருப்பவர்களுக்கு எப்போதும் மீசைதான் ஜெயிக்கும். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பதியாக உட்கார வேண்டும். பாட்டி இல்லாததால் தாத்தா உட்கார முடியாது, ஆகவே ஒரு மகனும் அவன் பெண்டாட்டியும் உட்கார வேண்டும். தாத்தாவுக்குப் பிறகு பரிவட்டம் யாருக்கு என்பதை ஊர் அன்றைக்கே முடிவு செய்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். “மூத்தவன் நான் கீறேன், வேற எவன் உக்காருவான்?” என்றார் பெரியப்பா. “அம்மாவுக்குக் கொள்ளி வெச்சவன் நான். பெத்தவ எடத்துல நின்னு பொண்ணைக் குடுக்குற உரிமை கடேசிப் புள்ளைக்குத்தான்” என்றார் என் அப்பா. தகப்பனுக்குத் தலைச்சன், தாய்க்குக் கடைசி என்று கொள்ளி வைக்கும் முறை ஒன்று எங்கள் பக்கம் உண்டு; அதைக் கல்யாணப் பந்தலுக்கு இழுத்து வந்தவர் உலகத்திலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

என் அம்மாவும் குறைந்தவள் இல்லை. “தாரை வார்க்குற சொம்பு என் கையால சாயலைன்னா இந்த ஊட்ல தண்ணி குடிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் காப்பியாகவே குடித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா தாய் வீட்டுக்குப் பெட்டியைக் கட்டினாள். உறவுக்காரர்கள் பஞ்சாயத்துக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்கள். மாசி முகூர்த்தம் தாண்டிப் போனது. பங்குனி பிறந்ததும் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடியும் வரை ஊருக்குள் கல்யாண மேளம் கேட்கக் கூடாது. அத்தை மட்டும் எதுவும் நடக்காதது போலக் காலையில் செய்தித்தாள் படித்தாள், மத்தியானம் நெல்லைப் புடைத்தாள்.

கடைசியில் வைகாசியில் கல்யாணம் நடந்தது. இரண்டு தம்பதிகளும் சேர்ந்தே உட்காருவது, இரண்டு சொம்பிலிருந்தும் ஒரே நேரத்தில் தண்ணீர் வார்ப்பது என்று தீர்ப்பாகியிருந்தது. ஐயர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். நான் அத்தைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தன் தண்ணீர்தான் முதலில் விழ வேண்டும் என்று பெரியப்பா பெரியம்மாவின் கையிலிருந்த சொம்பை அவசரமாகச் சாய்க்க, விடுவேனா என்று அப்பா அம்மாவின் கைச் சொம்பையே கவிழ்க்க, மாப்பிள்ளையின் மடி தொப்பலாக நனைந்தது. அவர் அந்த ஈர வேட்டியோடுதான் தாலி கட்டினார். அத்தை தலையைக் குனிந்திருந்தாள். வெட்கம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள், சிரிப்பு என்று எனக்கு மட்டும் தெரிந்தது. சட்டம் இன்னும் வரவில்லை, நாம் முந்திக்கொண்டோம் என்று அன்றைக்குத் தாத்தா ஒரு வாய் சோறு அதிகம் சாப்பிட்டார்.

அத்தை போன பிறகு அந்த வீட்டில் செய்தித்தாள் படிக்க ஆள் இல்லை. அதனால் சட்டம் வந்த செய்தியே அவர்களுக்கு நெடுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மனைக்கு இடம் கேட்டு ஒருவன் வந்ததால் பத்திரம் பார்க்கப் பூந்தமல்லி வக்கீலிடம் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சட்டம் பிறகு வந்தாலும் அந்தப் பங்குனியிலிருந்தே செல்லும் என்று எழுதியிருக்கிறார்கள், மாசியிலேயே தாலி ஏறியிருந்தால் தப்பித்திருப்பீர்கள் என்றாராம். போகிற போக்கில், கல்யாணமாகாத பேத்திக்கும், அதாவது எனக்கும், பங்கு உண்டு என்றும் சொல்லி வைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அப்பா என்னை, தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்க்கவில்லை, பங்காளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று கேட்க ஆளில்லை.

பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அத்தையின் கையெழுத்தை வாங்க எல்லோரும் அம்பத்தூருக்குப் புறப்பட்டார்கள். பட்டுப்புடவை, பழத்தட்டு, மஞ்சள் குங்குமம், கூடவே நான். என்னைப் பார்த்தால் அத்தையின் மனம் இளகும் என்று பெரியம்மா சொன்ன யோசனை. தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாக இருந்த போர்ஷன் வீடுகளில் ஒன்றில் அத்தை குடியிருந்தாள். உட்கார இருந்த ஒரே நாற்காலியில் தாத்தா உட்கார்ந்தார். மற்றவர்கள் நின்றார்கள். அத்தை எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“மண்ணைக் கூறு போட்டா நம்ப மரியாத போயிடும்மா” என்று தாத்தா குரலைத் தழைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“மாசி மாசத்துல மரியாதையத்தான நைனா பாத்தீங்க? அதான் மண்ணு போச்சு.”

பெரியப்பா துள்ளி விழுந்தார். “கூடப் பொறந்தவனுங்க வேணுமா, மண்ணு வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடு.”

அத்தை சத்தம் போடவில்லை. “இத்தினி வருசமா அந்த ஊட்லதாண்ணே இருந்தேன். உனக்கு இது வேணுமா, அது வேணுமான்னு என்னை ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்ல. இப்பத்தான் மொத மொதல்ல கேக்குறீங்க. மண்ணு வேணும்.”

அப்பா கடைசி முயற்சியாக மாமாவிடம் திரும்பி, “மாப்ள, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்றார். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டே, “அவுங்க அப்பா சொத்து, அதுல நான் இன்னா பேசறது மச்சான்? எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாயிட்டுது” என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கொண்டுபோன பழத்தட்டை அப்பா திரும்ப எடுத்து வந்தார். அதிலிருந்த ஆப்பிளை ரயிலில் பெரியப்பா தின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையைத் தலை முழுகினார்கள். செத்தவளாக நினைத்துக்கொள்வது என்றால் சும்மா நினைத்துக்கொள்ளக் கூடாதாம். கிணற்றடியில் வரிசையாக உட்கார வைத்து எல்லோர் தலையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். எனக்குச் சளி பிடித்துக்கொண்டது. “வேதவல்லின்ற பேரு இனிமே என் வாயில வராது. இந்த ஊட்ல வேற எவன் வாயிலயும் வரக் கூடாது” என்று அப்பா சொட்டச் சொட்ட நின்றுகொண்டு சத்தியம் செய்தார். செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். என் கல்யாணப் பத்திரிகையில் அத்தையின் பெயர் இல்லை.

வழக்கு பூந்தமல்லியில் சில வருஷம் நடந்து, தாத்தா காலமான பிறகு தொண்ணூறுகளின் நடுவில் சமாதானத்துக்கு வந்தது. பழைய ரோட்டோரத்துப் புஞ்சையில்தான் மறுபடியும் மாட்டிக்கொண்டார்கள். தம்பிக்குப் போவதை அண்ணனால் பார்க்க முடியாது, அண்ணனுக்குப் போவதைத் தம்பியால் பார்க்க முடியாது. இருவரும் சேர்ந்து அதை அத்தையின் பங்கில் தள்ளிவிட்டு நிம்மதியானார்கள். இருப்பதிலேயே நல்ல நிலத்தை எதிரிக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அத்தை அதை மனைகளாகப் பிரித்தாள். மாமாவோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் வயலில் காலங்காலமாகக் குனிந்த காலனிக் குடும்பங்களுக்கும் முதலில் கொடுத்தாள். பெரிய வீட்டுக்கு நேரெதிரே அவர்கள் கடைக்கால் தோண்டியபோது அப்பா தெருக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

இப்போது நான் முகப்பேரில் இருக்கிறேன், மாதத்துக்கு ஒரு முறை அப்பாவைப் பார்க்கப் போகிறேன். ஊர் அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் வெளிவட்டச் சாலை, குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையம், ஏரி இருந்த பக்கம் பாதி வரைக்கும் வீடுகள். பெரிய வீட்டை இடித்து மரத்தை விற்றாகிவிட்டது. நஞ்சையை அண்ணனும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு விற்று, விற்றதைப் போட்டி போட்டுக்கொண்டு செலவழித்தார்கள். கோயிலைக் கமிட்டி நடத்துகிறது, பரிவட்டம் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் அப்பாவுக்கு மட்டும் ஒற்றை அறை வீடு. அத்தையின் மனைகள் வழியாகத்தான் அங்கே போக வழி. அங்கே வீடு கட்டியவர்கள் தங்களுக்கு முதலில் இடம் கொடுத்தவளின் பெயரையே தெருவுக்கு வைத்துவிட்டார்கள்.

போன முறை நான் போயிருந்தபோது காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவன் வழி தெரியாமல் போன் செய்தான். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அவனுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. எண்பதைத் தொடும் மனிதர், கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கே போய் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

“வேதவல்லி தெருப்பா! வேதவல்லி! வேதவல்லி தெரு, கடேசி ஊடு!”