ப்ளஸ் டூ வருஷத்துப் பாஸ்வேர்டு

சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டர், மகள் பத்தாவது படித்தபோது வாங்கியது. ஆன் செய்துவிட்டுப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தால், திறந்திருக்கும். அதன் முன்னால்தான் இரண்டு மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை என் மானம் போனது.

மனைவிக்கு நாவலூரில் ஒரு கம்பெனியிலிருந்து வேலை வருவதாக இருந்தது. குழந்தைகளின் தமிழ்ப் பாடங்களை வீட்டிலிருந்தே திருத்தித் தர ஆள் தேடினார்கள். அவர்கள் அனுப்பிய சாஃப்ட்வேரை ஏற்றி, மாதிரிக்கு ஒரு பாடத்தைத் திருத்தி, அன்றைக்கு நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். தமிழ் டீச்சராக இருந்தவள் அவள். மகளின் ப்ளஸ் டூ வருஷத்தில் வேலையை விட்டாள். எங்கள் காலனியில் அப்படித்தான். பிள்ளை ப்ளஸ் டூ வந்தால் கேபிளை வெட்டுவார்கள், கல்யாணம் காட்சிக்குப் போகமாட்டார்கள், அம்மா லீவு போடுவாள். இவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "விட்டுடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். "ஏங்க, ஏதோ பர்மிஷன் கேக்குது."

எட்டிப் பார்த்தேன். இதை ஏற்ற உங்களுக்கு அனுமதி இல்லை, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வேண்டும் என்று ஒரு கட்டம் நின்றது.

"எந்த மடையன் இப்படிப் பூட்டி வச்சான்?" என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

மடையன் நான்தான். அதே ப்ளஸ் டூ வருஷம், மகள் கேம் எதையும் ஏற்றிவிடக் கூடாதென்று முழு உரிமையையும் என்னிடம் வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். பிறகு நானே மறந்துபோனேன்.

வண்டி நம்பர், பிறந்த தேதி, கல்யாண நாள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். தப்பு, தப்பு, தப்பு. சாஃப்ட்வேரை வேறு ஃபோல்டருக்கு மாற்றினேன். அங்கேயும் அனுமதி இல்லை. கேம்ப் ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பழைய பொட்டி சார் அது. எத்துகினு வாங்க, ஃபார்மட் பண்ணிட்டா சரியாப் பூடும். நாளைக்கி தந்துடறேன்" என்றார். நாளைக்கு யாருக்கு வேண்டும்? கம்ப்யூட்டரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். தட்டிய தட்டில் கீபோர்டில் ஒரு பட்டன் கழன்று வந்தது.

மணி இரண்டு. அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை. "விடுங்க, இத்தனை நாள் இல்லாம இருந்துட்டேன்ல" என்று சொல்லிவிட்டு, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிட்டேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "1170 போட்டுப் பாருங்கப்பா" என்றாள்.

போட்டேன். திறந்துகொண்டது.

ஆயிரத்து இருநூறுக்கு அவள் வாங்க வேண்டுமென்று நான் குறித்த மார்க் அது. பீரோவில், ஃப்ரிட்ஜில், பாத்ரூம் கதவில்கூட எழுதி ஒட்டியிருந்தேன். அவள் வாங்கியது அதைவிடக் குறைவு.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வேற என்ன வச்சிருக்கப் போறீங்க?"

"அப்ப கேம் ஏத்தினியா?"

"இல்லப்பா. அந்த நம்பரை என் கையால டைப் பண்ணப் பிடிக்கலை."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த வயதில் அவளை நான் எவ்வளவு படுத்தியிருக்கிறேன் என்று நினைத்து வெட்கமாக இருந்தது. "ஸாரிம்மா" என்றேன்.

"முதல்ல அம்மாவைக் கூப்பிடுங்க, மணியாகுது."

மாடிக்கு ஓடினேன். துணியை நான் வாங்கிக்கொண்டு அவளைக் கீழே அனுப்பினேன். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பாடம் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை, வேலை அவளுக்குத்தான் என்று தகவல் வந்தது.

அன்றைக்கே கம்ப்யூட்டரின் உரிமையை அவள் பெயருக்கு மாற்றினேன். புதுப் பாஸ்வேர்டை அவளே வைத்தாள்.

போன வாரம் பிரிண்டருக்காக எதையோ ஏற்றப் பார்த்தேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்று அதே கட்டம் வந்தது. கூப்பிட்டேன். அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், கீபோர்டில் கை வைக்குமுன் நின்றாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.